நத்தைக்கு இமை கிடையாது

நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்து அவளுடையதுதான். அதற்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்த நத்தை மட்டும் அவளுடையதில்லை.

‘187. நத்தை பின்னோக்கி நகரும்போது கண்களை மூடிக்கொள்ளும்.’

மூன்று தடவை படித்தாள். நத்தையால் பின்னோக்கி நகரவே முடியாது. கண் கொம்பின் நுனியில் இருக்கிறது. அதை மூடுவதற்கு இமை என்று ஒன்று கிடையாது. ஒற்றை வரியில் இரண்டு பொய். விலங்கியல் படித்துவிட்டு இதில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அவள் போடவில்லை. அது மட்டும் நிச்சயம். போன வியாழக்கிழமை இந்தப் பக்கத்தை வரிவரியாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். தாளில் அவள் போடும் கையெழுத்தை ஸ்கேன் செய்து கணினிப் பக்கத்தின் அடியில் ஒட்டுவது வடிவமைப்பாளரின் வேலை. ஒட்டிய பிறகு மேலே யார் எதை மாற்றினாலும் கீழே பொறுப்பு அவள்தான்.

கையெழுத்திட்ட மூலத்தாளைத் தேடி அலமாரியைத் திறந்தாள். நாற்பத்தாறு இருந்தது. நாற்பத்தெட்டு இருந்தது. நாற்பத்தேழைக் காணோம்.

“ஓகோ,” என்றாள், அலமாரியிடம்.

குழந்தைகளுக்கான புத்தகம் அது. ‘விலங்குலக விந்தைகள்: முந்நூறு உண்மைகள்’, ஆறாம் பதிப்பு. மாலை நான்கு மணிக்கு அச்சகம் போகிறது. அதே மாலையோடு அவளுடைய ஆறு மாதச் சோதனைக் காலமும் முடிகிறது. நிரந்தர வேலைக்கான கடிதம் பதிப்பக ஆசிரியரின் மேசை இழுப்பறையில் தயாராக இருப்பதை அவளே பார்த்திருந்தாள். அவர் கையெழுத்துதான் பாக்கி. ‘சரிபார்த்த பக்கத்தில் ஒரே ஒரு பிழை வந்தாலும் சரிபார்ப்பவர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்’ என்பது ஆசிரியர் முதல் நாளே சொன்ன விதி.

ஆக, கடைசி நாளில் எவரோ அவளுடைய கையெழுத்துக்கு மேல் ஒரு பொய்யை ஏற்றி வைத்திருக்கிறார்கள். எதற்கு? அவளை இறக்குவதற்கு.

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘சந்தேகம்’. “சந்தேகம் வந்தாச்சா?”, “சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு” என்று முகத்துக்கு நேராகவே பேசுவார்கள். அவள் கவலைப்பட்டதில்லை. மூன்று இதயம் கொண்ட ஆக்டோபஸையும், ஆண் பிரசவிக்கும் கடல்குதிரையையும், கனசதுரமாக மலம் போடும் ஆஸ்திரேலிய வாம்பட் விலங்கையும் இரண்டு நூல்களில் பார்த்து உறுதி செய்யாமல் அவள் உள்ளே விட்டதில்லை. சந்தேகப்படத்தானே சம்பளம்?

கைபேசி அதிர்ந்தது. அம்மா.

“பேப்பரைக் குடுத்துட்டானா?”

“சாயங்காலம்தான்மா.”

“தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். மாடி வீட்டுக்காரிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன், முதல் தடவை அவ காது குடுத்துக் கேக்கல.”

“ஏம்மா அதுக்குள்ள சொன்ன?”

“பின்ன? நம்ம வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ. நாலு பேர் வயிறு எரியட்டும். இங்க பாரு, அங்க எவனாவது உன்னைக் கவுக்கப் பாப்பான். உஷாரா இரு.”

அம்மாவும் சந்தேகம்தான். இது குடும்பச் சொத்து. வேறு சொத்து எதுவும் அவர்கள் வீட்டில் இல்லை.

வடிவமைப்பாளர் ஜன்னலோரம் தன் கணினிக்கு முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. எல்லோருக்கும் அவர் அண்ணன். எதற்கும் வாய் திறக்காத அண்ணன்.

“அண்ணே, நாப்பத்தேழாம் பக்கத்துல இந்த நத்தையை யாரு போட்டது?”

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“அதை விடும்மா.”

“எதை விடறது? பச்சைப் பொய். கீழ என் கையெழுத்து.”

“அது அப்படித்தான் இருக்கும். கண்டுக்காத.”

“யாரு போட்டாங்கன்னு கேட்டேன்.”

“என்னைக் கேக்காத,” என்று சொல்லிவிட்டு, திறந்தே இருந்த ஒரு கோப்பை மறுபடி திறக்க ஆரம்பித்தார்.

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அவள் முடிவு கட்டினாள். ஆனால் காரணம்? அண்ணனுக்கு அவள்மேல் என்ன கோபம்? யோசித்ததில் காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. போன மாதம் அவர் ஒட்டகச்சிவிங்கி படத்தைத் தலைகீழாகப் போட்டதை அவள்தான் கண்டுபிடித்தாள். அதற்கு முந்திய மாதம் அவருடைய பேனாவை எடுத்துத் திருப்பித் தரவில்லை. போதாதா?

சரி, நத்தையை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அந்த இடத்துக்கு உண்மையான ஒரு தகவலை எழுதினாள்: ‘நத்தையின் வாய்க்குள் நாக்கு போன்ற ஓர் உறுப்பில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் வரிசையாக உள்ளன. தேய்ந்த பற்கள் விழ, பின்னாலிருந்து புதிய பற்கள் வந்துகொண்டே இருக்கும்.’

அழகாக இருந்தது. ஒரு வரி மூன்று வரி ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் இருந்த படத்தில் நத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, நீளமான இமைமயிரோடு, வெட்கப்பட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஓவியரைத் தேடி மாடிக்கு ஓடினாள்.

“அக்கா, இந்த நத்தைக்குக் கண்ணைத் திறந்து விடணும். வாயையும் திறக்கணும். பல்லு தெரியணும்.”

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் முதலில் தூரிகையைக் கீழே வைப்பது அவர் வழக்கம். எறிய வசதியாக இருக்காது என்பதால்.

“அந்த இமையை வரைய எனக்கு ரெண்டு நாள் ஆச்சு தெரியுமா?”

“நத்தைக்கு இமை கிடையாதுக்கா.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடின நத்தை வேணும்னு போன பதிப்புல கேட்டாங்க, வரைஞ்சேன்.”

“யாரு கேட்டது?”

“அண்ணன்தான்.”

போன பதிப்பிலேயேவா? அவள் வேலைக்குச் சேருவதற்கு மூன்று வருடம் முன்பே அவளைக் கவிழ்க்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது கொஞ்சம் இடித்தது. ஆனாலும் முழுக்கத் தள்ளிவிடவும் மனசு வரவில்லை.

“எத்தனை பல்லு வேணும்?” என்றார் ஓவியர்.

“ஆயிரக்கணக்குல.”

“ஆயிரக்கணக்குல,” என்று ஓவியர் பல்லைக் கடித்தார். “உக்காரு.”

முக்கால் மணி நேரத்தில் படம் வந்தது. ஓவியர் பழி தீர்த்துவிட்டார். நத்தை சிரித்தது. அது சாதாரணச் சிரிப்பில்லை. காது வரை கிழிந்த வாயில், நத்தைக்குக் காதும் கிடையாது என்பது வேறு விஷயம், மனிதப் பற்கள் அடுக்கடுக்காக மின்னின. இதைப் பார்க்கும் குழந்தை ஒரு மாதம் தனியாகப் படுக்காது. ஆனால் மணி ஒன்று. பயங்கரமாக இருந்தாலும் பொய் இல்லையே என்று எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வரும் வழியில் ஆசிரியர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே எவரோ விருந்தாளி. அவளைப் பார்த்ததும் ஆசிரியர் கையை நீட்டிக் காட்டினார்.

“இந்தப் பொண்ணுதான் நான் சொன்னது. வீட்ல முதல் தலைமுறை! அப்பா மூட்டை தூக்கறவர். இந்தப் பொண்ணு பட்டதாரி! ஆச்சரியமா இல்ல?”

விருந்தாளி ஆச்சரியப்பட்டார். ஆறு மாதமாக இதே காட்சிதான். வருகிறவர்களிடமெல்லாம் அவளை முந்நூற்று ஒன்றாவது தகவலாக வாசித்துக் காட்டுவார். அவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் மிச்சம். அவள் ஒரு வணக்கத்தை எறிந்துவிட்டு நடந்தாள்.

அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கணினி திறந்தே கிடந்தது.

முறைப்படி திருத்தத்தை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் செய்ய வேண்டும். ஆனால் அவரிடம் கொடுத்தால்? இப்போது தலையாட்டிவிட்டு நாலு மணிக்குப் பழைய நத்தையையே திரும்ப விட்டால்? திருடன் கையிலேயே சாவியைக் கொடுப்பதா?

அவளே உட்கார்ந்தாள். பழைய வரியை அழித்தாள், புதிய மூன்று வரிகளை ஏற்றினாள், சிரிக்கும் நத்தையை நுழைத்தாள். படத்தின் அடிக்குறிப்புகளெல்லாம் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டவை, ஒன்று வீங்கினால் பின்னால் இருப்பவையெல்லாம் ஒவ்வொன்றாய் அடுத்த பெட்டிக்குத் தள்ளப்படும் என்பது அண்ணனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நாற்பத்தேழாம் பக்கத்தை மட்டும் ஒன்பது தடவை சரிபார்த்தாள். மற்ற பக்கங்களை ஏற்கெனவே பார்த்தாயிற்றே.

இனி எவரும் கை வைக்கக் கூடாது என்று கோப்பை நேராக அச்சகத்துக்கே அனுப்பினாள். அதுவும் அவளுடைய வேலை இல்லை. அனுப்பிவிட்டு, நிம்மதியாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மூன்றே காலுக்கு ஆசிரியர் அறையிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத கத்தல்.

“எல்லாரும் உள்ள வாங்க!”

அவள், அண்ணன், ஓவியர் மூவரும் உள்ளே போய் வரிசையாக நின்றார்கள். மேசைமேல் தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அச்சகத்து மேற்பார்வையாளரின் குரல் நிதானமாக வந்தது.

“ஒண்ணும் இல்ல சார். ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான். பின்னட்டையில உங்க போட்டோ இருக்குல்ல?”

“அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு இவங்களுக்கும் சொல்லுங்க.”

“‘இதற்கு மூளை என்று ஒன்று கிடையாது. ஆனாலும் பல கோடி வருடங்களாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.’”

ஓவியர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“அது நட்சத்திர மீனுக்கு எழுதினது சார்,” என்றாள் அவள்.

“நட்சத்திர மீனுக்குக் கீழ என்ன இருக்கு?” என்றார் ஆசிரியர்.

“‘ஆண்தான் குட்டி போடும்’னு இருக்கு சார்,” என்றது தொலைபேசி. “கடல்குதிரைக்கு ‘கழுத்தில் ஏழே எலும்பு’. ஒட்டகச்சிவிங்கிக்கு ‘மலம் கனசதுர வடிவில் வெளியேறும்’. நாப்பத்தேழுலேர்ந்து எல்லாமே ஒண்ணு தள்ளி உக்காந்திருக்கு. ஓட்டிடட்டுமா சார்?”

“வேண்டாம்!”

“அப்புறம் அந்தச் சிரிக்கிற நத்தை… நம்ம பையன் ஒருத்தன் பாத்துட்டு மெஷின் பக்கமே வரமாட்டேங்கறான். இனிமே ஒவ்வொரு பக்கத்துலயும் சரிபார்த்தவங்க மையில போட்ட கையெழுத்து இருந்தாத்தான் சார் ஓட்டுவேன். ஒட்டின கையெழுத்து வேண்டாம்.”

தொலைபேசியை வைத்துவிட்டு ஆசிரியர் அவளைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டு நத்தையை எடுத்தே?”

இதற்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள்.

“சார், நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் அந்தப் பக்கத்துல எவரோ பொய்யைச் சொருகியிருக்காங்க. மூலத்தாளையும் காணோம். யாருன்னு எனக்குத் தெரியும்.” அண்ணனைப் பார்த்தாள். “சொல்லுங்கண்ணே!”

“சார், ஒரு நிமிஷம்…” என்றார் அண்ணன்.

“நீ இரு,” என்றார் ஆசிரியர். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் போட்டார். நாற்பத்தேழாம் பக்கம். “சொருகினது நான்தான்.”

அவளுடைய பட்டியலில் அந்த ஒரு பெயர் மட்டும் இல்லை.

“இது தொழில் ரகசியம். உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கையெழுத்துக்கு அப்புறம் சேக்கறோம். முந்நூறு உண்மையை எவன் வேணா எழுதலாம். உண்மை எல்லாருக்கும் பொது. நம்ம புத்தகத்தைப் பாத்து ஒருத்தன் காப்பியடிச்சா எப்படிக் கண்டுபிடிப்பே? அதுக்குத்தான் நடுவுல ஒரே ஒரு பொய். உலகத்துலயே நம்மகிட்ட மட்டும் இருக்கற பொய். அது எவன் புத்தகத்துல இருக்கோ அவன் திருடன். பொறி! புரியுதா?”

“குழந்தைங்க படிக்கற புத்தகம் சார்.”

“நத்தை கண்ணை மூடறதால எந்தக் குழந்தையும் ஃபெயிலாகாது. போன மாசம் மாட்டினான் பாரு ஒருத்தன்! மத்தவன் புத்தகத்தை நான் கையாலயும் தொடறதில்ல. என் பேரன் கையில இருந்தது, எதிர்க் கம்பெனிக்காரன் போட்ட மிருகப் புத்தகம். புரட்டறேன், நத்தை! அதே நத்தை, அதே வரி! கேஸ் போட்டேன். நாளைக்கு விசாரணை. எது முதல்ல அச்சானதுன்னு பாத்து, ரெண்டாவதா போட்டவன்தான் திருடன்னு தீர்ப்பாயிடும். அவங்க வக்கீல் சிரிச்சுக்கிட்டே சீக்கிரம் வெச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டாராம். பயம்! புதுப் பதிப்புலயும் நத்தை இருந்தாகணும்னு நம்ம வக்கீல் சொல்றார். நீ என்னடான்னா அதை அழிச்சிட்டு, பல்லு முளைக்க வெச்சிருக்கே.”

“சார், ஒரு நிமிஷம்…” என்றார் அண்ணன் மறுபடியும். முகம் வெளுத்திருந்தது.

“அடிக்குறிப்பெல்லாம் எவ்வளவு நேரத்துல சரி பண்ணுவே?”

“பத்து நிமிஷம் சார். ஆனா அந்த நத்தை…”

“பழைய நத்தையைப் போடு. போ.”

அண்ணன் போனார். பன்னிரண்டு நிமிடத்தில், அச்செடுத்த பக்கங்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஆண் கடல்குதிரையிடம் குட்டி திரும்பியிருந்தது. மூளையில்லாமை நட்சத்திர மீனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் நத்தை கண்ணை மூடி, வெட்கப்பட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவள் பச்சைப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நாற்பத்தாறு முடிந்தது. நாற்பத்தேழை விட்டுவிட்டு நாற்பத்தெட்டுக்குப் போனாள். கடைசிப் பக்கம் வரை போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

“ஒண்ணு பாக்கி,” என்றார் ஆசிரியர்.

“நத்தைக்கு இமை கிடையாது சார்.”

“எனக்குத் தெரியும்மா!”

“தெரிஞ்சா அந்த வரியை எடுங்க. போடறேன்.”

ஆசிரியர் இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அவளுடைய கடிதம். அதை நாற்பத்தேழாம் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விரலால் தட்டிக் காட்டினார்.

“நீ அதுல போடு, நான் இதுல போடறேன். உங்க வீட்ல எவ்வளவு சந்தோஷப்படுவாங்கன்னு யோசி. முதல் தலைமுறை!”

அவளுடைய கைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. யார் என்று தெரியும். என்ன கேட்பாள் என்றும் தெரியும். மாடி வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை சொல்லியாயிற்று. பேனாவின் மூடியைத் திறந்தாள். நத்தையைப் பார்த்தாள். மூன்று வருடம், விடுதியில் ஒரு கட்டிலில் இரண்டு பேராகப் படுத்துப் படித்தது எதற்கு? இதற்குக் கீழே பச்சை மையில் கிறுக்கவா?

மூடியைத் திரும்பப் போட்டாள்.

“தெரியாமப் போட்டா, முதல் தலைமுறைதானே, அவ்வளவுதான் தெரியும்னு வெளிய அனுப்பியிருப்பீங்க. இப்போ தெரிஞ்சே போடலன்னு அனுப்பறீங்க. ரெண்டுல இதுவே பரவால்ல சார். இன்னொண்ணு, எங்கப்பா மூட்டை தூக்கறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றதை நிறுத்துங்க.”

ஓவியர் சுவரிலிருந்து திரும்பி, முதல் முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார்.

ஆசிரியர் கடிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். போதவில்லை போலும், நான்காகக் கிழித்தார்.

“போகலாம். நாளைக்குப் பத்து மணிக்கு நான் கோர்ட்ல நிக்கணும். எனக்கு யாரு கையெழுத்துப் போட்டாலும் சரி, அந்த நத்தை புத்தகத்துல இருக்கும். திருட்டுப் பசங்க! பொழைக்க வந்தவனுங்க! ஒரு பொய்யைக்கூடச் சொந்தமா யோசிக்கத் துப்பில்ல!”

அண்ணன் பள்ளிக்கூடப் பையனைப் போல ஒரு கையைத் தூக்கினார். பதினெட்டு வருடத்தில் அவர் அந்த அறையில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“சார், போன பதிப்பப்போ ‘ஏதாவது ஒரு பொய் எழுதிச் சேருய்யா’ன்னு என்கிட்டதான் சொன்னீங்க… எனக்கு ஒண்ணுமே தோணல சார், அவங்க புத்தகத்துலேர்ந்துதான் எடுத்துப் போட்டேன்.”